பழைய பாட்டுப் படங்களைப் பிள்ளைகளோடு பார்ப்பது: எதில் தொடங்கலாம்?

நொய்யல் (சிங்காநல்லூர்) எழுதியது:

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய பாட்டுப் படங்களைப் பிள்ளைகளுக்குத் துண்டு துண்டாகக் கைபேசியில் காட்டக் கூடாது. பாட்டு கதையில் எந்த இடத்தில் வருகிறதோ, அந்த இடத்தில் வைத்துத்தான் காட்ட வேண்டும். படத்திலிருந்து பிய்த்து எடுத்த பாட்டு பாதிப் பாட்டு.

என் மகளுக்கு 11 வயது. ‘வாராய் நீ வாராய்’ பாட்டை அப்புச்சி வீட்டு வானொலியில் கேட்டுக் கேட்டு, அது இனிமையான காதல் பாட்டு என்றே நினைத்திருந்தாள். கோடை விடுமுறையில் ‘மந்திரி குமாரி’ (1950) படத்தை முழுவதுமாகப் போட்டோம். மலையுச்சியில் கீழே தள்ளிவிடுவதற்காகத்தான் கணவன் மனைவியை அப்படிக் கொஞ்சிப் பாடி அழைத்துப் போகிறான் என்று தெரிந்ததும் எழுந்து நின்றுவிட்டாள். சாவதற்கு முன் உங்களை மூன்று முறை சுற்றி வந்து கும்பிட்டுக்கொள்கிறேன் என்று சொல்லி, அமுதவல்லி அவனையே தள்ளிவிட்டபோது கைதட்டினாள். அதன் பிறகு, யாரும் சொல்லாமலே, பாட்டை மறுபடி போட்டுக் கேட்டாள். “இதில் அவள் மட்டும்தான் அம்மா நிஜமாகப் பாடுகிறாள்” என்றாள். திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடிய அந்தப் பாட்டைச் சிறு வயதிலிருந்து கேட்டு வருகிறேன். ஜி. ராமநாதனின் மெட்டு அவ்வளவு இனிமையாக இருக்க வேண்டிய காரணம் அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அவள் அவனை நம்பி மலை ஏற வேண்டும். நாமும் நம்பி ஏற வேண்டும்.

இப்போது கேள்வி சின்னவனைப் பற்றியது. அவனுக்கு 7 வயது. வீட்டிலும் எல்லோருக்கும் ஒரே ஆசை, அவனும் எங்களோடு உட்கார வேண்டும் என்று. எந்தப் படத்தில் தொடங்குவது? என் அப்பா ‘ஹரிதாஸ்’ என்கிறார். நம் ஊர் சென்ட்ரல் ஸ்டுடியோவில் எடுத்த படம், அதை விடக் கூடாது என்பது அவர் பிடிவாதம். எனக்குச் சற்றுத் தயக்கம். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

ஏற்காட்டு அடிவாரம் (சேலம்) எழுதியது:

அக்கா, 7 வயது என்றால் யோசிக்கவே வேண்டாம். ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956).

கதை அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். குகை இருக்கிறது, புதையல் இருக்கிறது, எம்.ஜி.ஆர். கத்தி சுழற்றுகிறார். தமிழில் வந்த முதல் முழுநீள வண்ணப் படம் என்பதால் கறுப்பு வெள்ளை பிடிக்காது என்று அடம் பிடிக்கவும் முடியாது. ‘மாசிலா உண்மைக் காதலே’ வரும்போது சின்னவன் தண்ணீர் குடிக்கப் போனாலும் விட்டுவிடுங்கள். ‘சலாம் பாபு’ வரும்போது தானாகத் திரும்பி வருவான். எங்கள் வீட்டில் இப்போதும் பீரோவைத் திறக்கும் முன் “திறந்திடு சீசேம்” சொல்லாமல் யாரும் திறப்பதில்லை.

கொள்ளைக்கூட்டத் தலைவனாக வரும் பி.எஸ். வீரப்பா நம் காங்கேயத்தில் பிறந்தவர். அவர் சிரிப்பைக் கேட்டுப் பழகப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். எங்கள் தெருப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அந்தச் சிரிப்பு வரும்.

படம் பார்த்த பின் ஒரு நாள் சேலம் வாருங்கள். ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் முகப்பு வளைவு இருக்கிறது. திருச்செங்கோட்டில் பிறந்த டி.ஆர். சுந்தரம் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் ஜவுளித் தொழில் படித்துவிட்டு வந்து கட்டிய நிறுவனம். நூலும் துணியும் படித்த மனிதர் சேலத்தில் இருந்துகொண்டு நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தார். மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ (1938) எடுத்ததும் இவர்கள்தான். நீங்கள் சொன்ன ‘மந்திரி குமாரி’யும் இந்த வளைவுக்குள்ளிருந்து வந்ததே. என் மகனை அதன் கீழே நிறுத்தி, “எம்.ஜி.ஆர். இந்த வழியாகத்தான் உள்ளே போனார்” என்று சொன்னேன். அவன் காலடியைப் பார்த்துக்கொண்டே நடந்தான்.

---

தறிச்சத்தம் (குமாரபாளையம்) எழுதியது:

உங்கள் இருவர் பேச்சும் நன்றாக இருக்கிறது. ஆனால் ‘முழுப் படம்தான் பார்க்க வேண்டும், துண்டு கூடாது’ என்பதை நான் ஏற்கவில்லை.

என் வீட்டில் நானும் மனைவியும் ஷிப்ட் மாற்றி மாற்றித் தறி ஓட்டுகிறோம். மூன்று மணி நேரம் நான்கு பேரும் ஒன்றாக உட்காருவது நோம்பி நாளில்தான் நடக்கும். என் மகளுக்குப் பழைய பாட்டு எப்படி வந்தது தெரியுமா? படம் வழியாக வரவில்லை. தறிக்கூடத்தில் ஓடும் வானொலி வழியாக வந்தது. அத்தனை சத்தத்துக்கு மேலே டி.எம்.எஸ். குரல் மட்டும் கேட்கும். அவள் பள்ளி விட்டு வந்து கூடத்து வாசலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். அப்படித்தான் ‘எத்தனை காலம்தான் ஏமாற்றுவார்’ அவளுக்கு மனப்பாடம் ஆனது. எம்.ஜி.ஆர். குதிரையில் போய்க்கொண்டே அதைப் பாடுகிறார் என்பது பல மாதம் கழித்துத்தான் அவளுக்குத் தெரியும். அதற்குள் அந்தப் பாட்டுக்கு அவளாகவே மனதில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தாள். அதில் பாடுகிறவர் ஒரு லாரி ஓட்டுநர்.

முதலில் காது. பிறகு கண். எங்கள் வழி இதுதான். இரண்டு தலைமுறை இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தது. அவர்களில் எத்தனை பேர் அத்தனை படத்தையும் பார்த்தார்கள்? பார்க்காத படத்தின் பாட்டைப் பாதிப் பாட்டு என்று சொன்னால் எங்கள் அம்மாவின் பாட்டெல்லாம் பாதிப் பாட்டு ஆகிவிடும்.

ஒரு செய்தி மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். அந்தப் பாட்டு வரும் ‘மலைக்கள்ளன்’ (1954) நாமக்கல் கவிஞர் எழுதிய கதை. கோவை பட்சிராஜா ஸ்டுடியோவின் படம். ஸ்ரீராமுலு நாயுடு இந்த ஒரே கதையைத் தமிழோடு சேர்த்து ஆறு மொழிகளில் எடுத்தார். இந்தியில் திலீப்குமாரும் மீனாகுமாரியும் கோவைக்கு வந்து நடித்தார்கள். குதிரை, முகமூடி, மலைக்குகை எல்லாம் இருக்கிறது. நொய்யல் அக்காவின் சின்னவனுக்கு என் வாக்கு இந்தப் படத்துக்கே.

---

கொடுமுடிப் பேத்தி (கொடுமுடி) எழுதியது:

நேரம் இல்லை என்பவர்களுக்கும் முழுப் படம்தான் வேண்டும் என்பவர்களுக்கும் ஒரே படத்தில் வழி இருக்கிறது. ‘திருவிளையாடல்’ (1965).

அது ஒரே கதை அல்ல. பழம் கிடைக்காமல் முருகன் கோபித்துக்கொண்டு போவது வெளிக்கதை. அதற்குள் தருமி கதை, தாட்சாயணி கதை, மீனவர் கதை, விறகுவெட்டியாக இறைவன் வந்து பாடும் கதை என்று தனித்தனியாக வருகின்றன. ஓர் இரவுக்கு ஒரு திருவிளையாடல் என்று வைத்துக்கொண்டால் பிள்ளைகளும் தூங்கமாட்டார்கள், பாட்டும் கதையை விட்டுப் பிரியாது. இயக்கிய ஏ.பி. நாகராஜன் சங்ககிரிப் பக்கத்துக்காரர். பையனாக நாடகக் கம்பெனியில் வளர்ந்தவர். நாடகத்தில் ஒவ்வொரு காட்சியும் தனியாக நிற்க வேண்டும் என்பது அவருக்குப் பழகிய பாடம்.

இன்னொரு காரணம், எங்கள் ஊர்க் காரணம். அதில் ஔவையாராக வந்து ‘பழம் நீயப்பா’ பாடும் கே.பி. சுந்தராம்பாள் கொடுமுடியில் பிறந்தவர். என் அம்முச்சி அவரைப் பற்றிப் பேசும்போது சினிமாக்காரர் என்று சொல்லவே மாட்டார். “நம்ம சுந்தராம்பாள்” என்பார், ஏதோ ஒரம்பரை (உறவுக்காரர்) போல. வறுமையில் ரயிலில் பாடிக்கொண்டிருந்த சிறுமி, நாடக மேடைக்குப் போய், 1935 இல் ‘நந்தனார்’ படத்தில் ஆண் வேடம் போட்டு நடிக்க ஒரு லட்சம் ரூபாய் வாங்கினார் என்று சொன்னால் என் மகன் வாயைத் திறந்து கேட்கிறான். கணவர் கிட்டப்பா 1933 இல் இறந்த பிறகு வெள்ளைப் புடவையும் திருநீறுமாகவே வாழ்ந்தவர். ‘பழம் நீயப்பா’வில் முருகனைப் பார்த்து அவர் பாடும்போது கண்டிப்பும் இருக்கும், கெஞ்சலும் இருக்கும். கோபித்துக்கொண்ட பேரனை அம்முச்சி சோற்றுக்குக் கூப்பிடுவது போல இருக்கும். என் மகன் அதைக் கேட்டுவிட்டு, “முருகன் ஏன் இன்னும் இறங்கி வரவில்லை? நான் என்றால் வந்திருப்பேன்” என்றான்.

---

கரும்பலகை (கோபி) எழுதியது:

நான் தமிழ் ஆசிரியை. ‘ஹரிதாஸ்’ பற்றி யாரும் பதில் சொல்லாததால் எழுதுகிறேன்.

அந்தப் படம் 1944 தீபாவளிக்கு வந்து சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளி கண்டது. பாபநாசம் சிவன் பாட்டு, நாயகன் எம்.கே. தியாகராஜ பாகவதரின் குரல். பெருமை எல்லாம் உண்மை. ஆனால் 7 வயதுக்கு வேண்டாம் தங்கை. நாயகன் பெற்றோரைத் துன்புறுத்துகிறான், தாசியின் பின்னால் போய்ச் சொத்தை இழக்கிறான், முனிவரிடம் மோதிக் கால்களை இழக்கிறான். சிறு பிள்ளைக்குக் கால் போவதுதான் நினைவில் நிற்கும். பாட்டு நிற்காது. 13, 14 வயதில் காட்டுங்கள். அப்போது ‘மன்மத லீலை’யையும் ‘கிருஷ்ணா முகுந்தா’வையும் ஒரே மனிதன் பாடுகிறான் என்பதை அவர்களாலேயே எடை போட முடியும்.

பெரிய பிள்ளைகளிடம் நான் கண்டிப்பாகச் செய்யும் ஒன்று இருக்கிறது. பழைய படங்களில் பெண்ணை அறைவது, கறுப்பு நிறத்தைக் கேலி செய்வது, சாதியைச் சொல்லிச் சிரிப்பது எல்லாம் வரும். அந்த இடத்தைத் தாண்டி ஓட்டமாட்டேன். நிறுத்துவேன். “இது சரியா?” என்று கேட்பேன். நந்தனார் கதையைச் சொல்லும்போது, கோயிலுக்குள் போகத் தடை இருந்தது நம் ஊர்களிலும்தான் என்பதைச் சேர்த்தே சொல்வேன். நாம் நேசிக்கிற ஒன்றைக் குழந்தையின் கையில் கொடுக்கும்போது அதன் முள்ளையும் காட்டித்தான் கொடுக்க வேண்டும். அதனால் நேசம் குறைந்ததை நான் பார்த்ததே இல்லை. நீங்கள் சொன்ன ‘மந்திரி குமாரி’ குண்டலகேசிக் கதையிலிருந்து பிறந்தது. ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்று என்று மனப்பாடம் செய்து எழுதும் பிள்ளைகளிடம், மலையுச்சியில் கணவனைத் தள்ளியவள் அவள்தான் என்றேன். வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது.

பாட்டு வரும்போது விளையாட ஒரு விளையாட்டும் உண்டு. பாடுவது யார் என்று கண்டுபிடிப்பது. தொடக்கக் காலப் படங்களில் நடிப்பவரே பாட வேண்டும். வாத்தியக்காரர்கள் கேமராவுக்குத் தெரியாத இடத்தில் உட்கார்ந்து வாசிப்பார்கள். பின்னணி பாடும் முறை வந்த பிறகு முகம் ஒருவருடையது, குரல் ஒருவருடையது. டி.எம். சௌந்தரராஜன் முதலில் பாடிய ‘கிருஷ்ண விஜயம்’ (1950) நம் கோவையில் உருவான படம். அதில் அவர் குரல் அப்படியே பாகவதரைப் போல இருக்கும். அடுத்து ‘மலைக்கள்ளன்’ பாட்டைப் போட்டு, இரண்டும் ஒரே ஆள் என்று சொல்லிப் பாருங்கள். பிள்ளைகள் நம்பமாட்டார்கள். வாதாடுவார்கள். அந்த வாதத்துக்காகவே நாலு முறை கேட்பார்கள்.

---

ஊசிநூல் (திருப்பூர்) எழுதியது:

இங்கே யாரும் ஆங்கிலப் பாட்டுப் படங்களைச் சொல்லவில்லையே! என் பிள்ளைகள் எங்களோடு முதலில் உட்கார்ந்து பார்த்தது ஜூலி ஆண்ட்ரூஸ் நடித்த ‘சவுண்ட் ஆப் மியூசிக்’ (1965). தாயில்லாத ஏழு பிள்ளைகள், விசில் ஊதி அவர்களை நடத்தும் அப்பா, சுரம் சொல்லிக் கொடுத்துப் பாட வைக்கும் ஆசிரியை. ஏறக்குறைய மூன்று மணி நேரப் படம், அசையாமல் பார்த்தார்கள். ஆங்கிலம் முழுக்கப் புரியவில்லை, கவலையும் படவில்லை.

அடுத்த வாரம் ‘சாந்தி நிலையம்’ (1969) போட்டேன். ‘கடவுள் ஒருநாள் உலகைக் காண’ பாட்டில் காஞ்சனாவைச் சுற்றிப் பிள்ளைகள் வந்ததும் என் பெரியவள் கண்டுபிடித்துவிட்டாள், “அதே டீச்சர்தான் அப்பா!” என்று. ஒரே கரு இரண்டு ஊரில் எப்படி வேறு வேறு பாட்டாகிறது என்று அன்று இரவு வெகுநேரம் பேசினோம். அங்கே பிள்ளைகள் சுரம் கற்கிறார்கள். இங்கே கண்ணதாசன் கடவுளையே கீழே இறக்கி, மனிதனிடம் சுகமா என்று கேட்க வைக்கிறார்.

அவர்களுக்குப் பாட்டுப் படம் என்பது தனி வகை. நமக்கு நாடகத்திலிருந்து சினிமா வந்ததால் பாட்டில்லாத படம்தான் தனி வகை. 1934 இல் வந்த ‘பவளக்கொடி’யில் 50 பாட்டு. பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள், பிறகு எப்போது வசனம் பேசினார்கள் என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி.

---

தறிச்சத்தம் எழுதியது:

கரும்பலகை அக்காவின் விளையாட்டை இன்றைக்கே தறிக்கூடத்தில் ஆரம்பித்துவிட்டோம். அதற்குப் படம் தேவையில்லை, காது போதும் என்பதைக் கவனிக்கவும்.

காது என்று சொன்னதும் இன்னொன்று. உடுமலை நாராயண கவி பூளவாடிக்காரர். ‘பராசக்தி’யில் வரும் ‘கா கா கா’ அவர் எழுதியது. காக்கைக்குச் சோறு வைக்கும்போதெல்லாம் என் மகள் பாடுவது அதைத்தான். பகிர்ந்து உண்ணச் சொல்லும் பாட்டை, பசியோடு நிற்கும் ஒருவன் பாடுகிறான் என்பதை அவள் இன்னும் பார்க்கவில்லை. அதற்கு மட்டும் முழுப் படம் காட்டலாம் என்று தோன்றுகிறது. நொய்யல் அக்காவுக்கு இந்த ஓர் இடத்தை விட்டுக்கொடுக்கிறேன்.

---

வெரைட்டி ஹால் ரோடு (கோவை) எழுதியது:

நான் உங்கள் எல்லோருக்கும் மூத்தவன். பேரப் பிள்ளைகளோடு பார்க்கிறவன். நான் குடியிருக்கும் சாலையின் பெயரே ஒரு சினிமாக் கொட்டகையின் பெயர். கோவைக்காரரான சாமிக்கண்ணு வின்சென்ட் ரயில்வே வேலையை விட்டு, 1905 இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படக் கருவியை விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டியவர். 1914 இல் இங்கே வெரைட்டி ஹால் கட்டினார். பிள்ளைகளை இந்த ஊரில் வளர்ப்பவர்கள் இதைச் சொல்லி வளர்க்க வேண்டும்.

நொய்யல் அம்மணிக்கு என் யோசனை. சின்னவனுக்கு முழுப் படத்துக்கு முன் ஒரே ஒரு காட்சி காட்டுங்கள். பட்சிராஜாவின் ‘ஜகதலப்ரதாபன்’ (1944) படத்தில் பி.யூ. சின்னப்பா கச்சேரி செய்யும் காட்சி. பாடுவது சின்னப்பா. பிடில் வாசிப்பது சின்னப்பா. மிருதங்கம், கடம், வாயாலேயே தாளச் சொல் சொல்லும் கொன்னக்கோல் எல்லாம் சின்னப்பா. ஐந்து பேர் ஒரே திரையில்! கணினி இல்லாத காலம். லென்சின் ஒரு பகுதியை மறைத்து ஒரு பக்கம் மட்டும் படம் பிடித்து, பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, மறைத்த பக்கத்தைத் திறந்து மறுபடி எடுக்கும் முறை அப்போது இருந்தது. ஒரு நூல் அளவு பிசகினாலும் எல்லாம் வீண். தாளம் தப்பினாலும் வீண்.

அதைக் காட்டிவிட்டு, கொடுமுடிப் பெண் சொன்ன ‘திருவிளையாடல்’ கடைசிக் கதைக்கு வாருங்கள். ‘பாட்டும் நானே’ பாட்டில் சிவாஜி பாடுவார், வீணை வாசிப்பார், மிருதங்கம் வாசிப்பார். என் பேரன் அந்த இடத்தில் துள்ளி எழுந்து, “அப்பாரு, இது சின்னப்பா செய்தது!” என்று கத்தினான். இருபது வருடம் கழித்து வந்த படத்தில் பழைய படத்தின் விதையைப் பார்த்துவிட்டான். 7 வயது, 8 வயதுப் பிள்ளைக்கு இது முடியும். நாம் வரிசையாகக் காட்டினால் போதும்.

துண்டா, முழுசா என்று சண்டை வேண்டாம். அந்தக் காலத்தில் நாங்கள் இரண்டுக்கும் நடுவில் ஒன்று வைத்திருந்தோம். பாட்டுப் புத்தகம். கொட்டகை வாசலில் சில்லறைக் காசுக்கு விற்பார்கள். எல்லாப் பாட்டும் அச்சடித்திருக்கும். முதல் பக்கத்தில் கதைச் சுருக்கம் இருக்கும், முக்கியமான இடம் வந்ததும் ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று நிறுத்திவிடுவார்கள். பாட்டை முதலில் வாயில் போட்டுக்கொள்வோம், பிறகு அதன் இடத்தைத் தேடிக்கொண்டு படத்துக்குப் போவோம். இதைப் பேரப் பிள்ளைகளைக் கொண்டு நோட்டுப் புத்தகத்தில் எழுத வைக்கிறேன். எந்தப் படம் பார்த்தாலும் அதற்கு ஒரு பாட்டுப் புத்தகம். அட்டைப் படம் அவர்களே வரைவார்கள்.

---

நொய்யல் எழுதியது:

அய்யா, பாட்டுப் புத்தக யோசனைக்கு மிக்க நன்றி. மகள் இப்போதே ‘மந்திரி குமாரி’க்கு ஒன்று எழுதத் தொடங்கிவிட்டாள். கதைச் சுருக்கத்தை மலை ஏறுவதற்கு முன்னால் நிறுத்தியிருக்கிறாள். யாரைத் தள்ளுகிறார்கள் என்பதைச் சொல்லக் கூடாதாம்.

தறிச்சத்தம் அண்ணா சொன்னதையும் யோசித்தேன். முதலில் காதில் விழாத பாட்டாக இருந்திருந்தால் அவளுக்கு மலையுச்சியில் அந்த அதிர்ச்சி வந்திருக்காது. ஆனால் கடைசியில் மலையுச்சிக்குப் போயே ஆக வேண்டும் என்பதில் மாற்றமில்லை அண்ணா. பாட்டின் வீடு அங்கே இருக்கிறது.

‘ஹரிதாஸ்’ இப்போதைக்கு வேண்டாம் என்று அப்பாவிடம் சொன்னேன். முகம் வாடினாலும் ஒத்துக்கொண்டார். அதற்குப் பதிலாகச் சின்னவனுக்கு ஐந்து சின்னப்பாவையும் தானே காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.

கொடுமுடி அக்கா, ‘திருவிளையாடல்’ பார்க்கும்போது கதைகளின் வரிசையை மாற்றலாமா? சின்னவனுக்குத் தருமியை முதலில் போட்டால் சிரிப்பில் ஒட்டிக்கொள்வான் என்று நினைக்கிறேன்.

---

கொடுமுடிப் பேத்தி எழுதியது:

மாற்ற வேண்டாம். பழத்தில் தொடங்கினால்தான் முருகன் கோபம் என்ன ஆகிறது என்ற ஆவல் கடைசி இரவு வரை இருக்கும். முதல் இரவில் பழமும் தருமியும் சேர்த்தே போடுங்கள், அடுத்தடுத்து வருபவைதான். நாகேஷ் மண்டபத்தில் தனியாகப் புலம்பும் இடத்தில் நிறுத்திவிடாதீர்கள், சிவாஜியோடு கேள்வி பதில் முடியட்டும். தாட்சாயணி கதையில் தந்தையின் யாகமும் கோபமும் கொஞ்சம் பயமாக இருக்கும், சின்னவனை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். மீனவர் கதைக்கு அவன் இறங்கி ஓடிவிடுவான், சிவாஜி கடற்கரையில் நடக்கும் நடையை நடந்து பார்க்காத பிள்ளையை நான் கண்டதில்லை. விறகுவெட்டி கதைக்கு ஒரு முழு மாலை ஒதுக்குங்கள். ஹேமநாத பாகவதராக டி.எஸ். பாலையா ‘ஒருநாள் போதுமா’ என்று ஆணவத்தோடு பாடுகிறாரே, பாலமுரளி கிருஷ்ணா குரலில், அதை முதலில் நன்றாகக் கேட்கவிட்டு, இதை யாரால் வெல்ல முடியும் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். பதில் சொல்ல அவர்களுக்குச் சற்று நேரம் கொடுத்துவிட்டு அடுத்த பாட்டைப் போடுங்கள்.